அடுப்புப் புகை உள்ளே வந்த வழி

காற்றோட்டத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் கையில் ஒரு வாய்பாடு இருக்கும். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் அதற்குள் அடங்கும் காற்று. அந்தக் காற்று ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை வெளியேறிப் புதிதாக மாற வேண்டும் என்பதை அட்டவணை சொல்லும். படுக்கையறைக்குக் கொஞ்சம், சமையலறைக்குக் கூடுதல், தூசு பறக்கும் வேலைத்தலத்துக்கு இன்னும் கூடுதல். இதைக் காற்றுமாற்ற வீதம் என்று எழுதி, அதற்கேற்ற விசிறியைத் தேர்ந்து, கீழே கையெழுத்தும் போட்டுவிடலாம். தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. அதை உங்களுக்குச் சொல்லித்தர நான் வேண்டியதில்லை. முதுகு மக்கர் பண்ணியதால் ஐம்பது தாண்டியதுமே கூரை ஏறும் இந்தத் தொழிலிலிருந்து இறங்கிக்கொண்டவன் நான். என்னிடம் மிச்சமிருப்பது வாய்பாட்டில் சேராத சில விஷயங்கள்தான். அதில் ஒன்றைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் பின்பாதி. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறி, தோட்டத்தை நடத்தும் ஒவ்வொரு துரையும் கொழும்புத் தொலைபேசி அடித்தால் திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்த காலம். லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. அவர்களுடைய தேயிலையில் புகை மணக்கிறது என்று கொழும்பில் சுவை பார்ப்பவர்கள் ஒதுக்கிவிட்டார்களாம். ஒரு தடவை அல்ல, தொடர்ந்து. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கிற அறையில் வேறொரு நிறுவனம் போட்டுக் கொடுத்த விசிறிகள் ஏற்கெனவே இருந்தன. அவை போதவில்லை, காற்றுமாற்ற வீதத்தைக் கூட்டிப் பெரிய விசிறியாகப் போட்டுத் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியபோது மலை முழுவதும் ஈரத் துணி போல் கிடந்தது. தோட்டத்து ஜீப் வந்திருந்தது. துரை என்னைத் தொழிற்சாலை வாசலிலேயே வரவேற்றார். சிங்களவர், என் வயதுதான் இருக்கும், மரியாதையான மனிதர். என்னோடு சிங்களத்தில் பேசினார், ஆட்களோடு துரைமாருக்கே உரிய உடைந்த தமிழில். விசிறி ஒரு பக்கம் இருக்கட்டும், தான் வேறொரு முடிவும் எடுத்துவிட்டதாகச் சொன்னார். தொழிற்சாலைக்குப் பின்னால், கல்லெறி தூரம்கூட இல்லாத இடத்தில், தொழிலாளர் குடும்பங்கள் குடியிருக்கும் லயம் ஒன்று ஒற்றை வரிசையாக இருந்தது. புகை அங்கிருந்துதான் வருகிறது. மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்தில், அறிவிப்பு வரும். சலிக்கிற இயந்திரம் ஓடும் நேரத்தில் அந்த லயத்தில் அடுப்பு எரியக் கூடாது. அப்படியும் சரிவராவிட்டால், லயத்தின் பின்புறச் சமையல் கொட்டில்களை உடைத்துவிடுவது.

சலிக்கிற இயந்திரம் விடிவதற்குள் தொடங்கிப் பொழுது சாயும்வரை ஓடும். அந்த நேரத்தில் அடுப்பு எரியக் கூடாதென்றால், மலைக்குப் போகும் பெண் எதைத் தின்றுவிட்டுப் போவாள்? பிள்ளைக்கு எதைக் கரைத்துக் கொடுப்பாள்? நான் மஸ்கெலியாவில் அப்படியொரு லயத்தின் காம்பரா அறையில் வளர்ந்தவன். விடியலில் அந்த அடுப்பு எங்களுக்குச் சோறும் வெந்நீரும், ஈரம் காயாத துணிக்கு வெயிலுமாக இருந்தது. ஆனால் நான் அங்கே லயத்துப் பிள்ளையாகப் போகவில்லை, காற்றைப் பற்றிச் சொல்லப் போயிருந்தேன். இந்த வித்தியாசத்தை நீங்களும் ஒரு நாள் உணர்வீர்கள். மனசு ஒரு பக்கம் சாயும்போதுதான் அளவுநாடாவை நேராகப் பிடிக்க வேண்டும்.

முதலில் லயத்துக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னாலேயே போயிருந்தது. வாசலில் ராக்கம்மா நின்றிருந்தார். கொழுந்தெடுத்துக் காய்த்த கைகள், எதற்கும் முதல் ஆளாகப் பேசும் வாய். அவருடைய மருமகள் புஷ்பா சலிக்கிற அறையில் வேலை செய்பவள். அன்று உடம்புக்கு முடியாமல் வீட்டில் இருந்தாள்.

"காத்தாடி வாரதுக்கு முன்னாடி எங்க அடுப்பு எரியலைங்களா?" என்று ராக்கம்மா கேட்டார். "அப்ப ஸ்டோர்ல தேயில மணக்கல. இப்ப மணக்குதுன்னா குத்தம் எங்க மேலயா, காத்தாடி மேலயா? அத நிப்பாட்டச் சொல்லுங்க, எல்லாம் சரியாப் போயிரும்." தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள்.

புஷ்பா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "நிப்பாட்டச் சொல்லுங்க அத்தை. அப்புறம் நான் இருமுனா, கெணத்துக்குள்ள நாய் கொரைக்குதுன்னு நீங்கதான் சொல்லுவீங்க."

"இப்ப மட்டும் குயில் கூவுதாக்கும்."

"அப்பல்லாம் ரத்தம் வார மாதிரி இருமுவேன். இப்ப தேவலாம்ல?"

"நீ ஸ்டோர் ஆளு. அங்கிட்டுத்தான் பேசுவ."

இரண்டு பேர் சொன்னதும் சரி. என்னைத் தூங்கவிடாத வகை நியாயங்கள் அவை. விசிறி நின்றால் மருமகளின் நெஞ்சுக்குள் தேயிலைத் தூசு போகும். விசிறி ஓடினால் மாமியாரின் அடுப்பு அணையும். இருவரும் படுப்பது ஒரே காம்பராவில்.

தொழிற்சாலைக்குத் திரும்பி, லயத்தைப் பார்த்த பக்கமுள்ள கதவால் சலிக்கிற அறைக்குள் போகப் பார்த்தேன். கதவு வரவில்லை. பூட்டியிருக்கிறது என்று நினைத்துச் சுற்றுமுற்றும் பார்த்தேன். உள்ளேயிருந்த ஒரு பெண் தோளால் முட்டித் திறந்துவிட்டாள். நான் நுழைந்ததும் கதவு கையைப் பிடுங்கிக்கொண்டு படாரென்று அடைத்துக்கொண்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போன சத்தம்.

அளந்தேன். அறையின் கன அளவு, விசிறிகள் வெளியே தள்ளும் காற்று, இரண்டையும் வகுத்தேன். சலிப்புத் தூசுக்கு எத்தனை மாற்றம் வேண்டுமோ அத்தனை இருந்தது. முன்னால் வந்தவர்கள் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தார்கள். அந்த எண் எனக்குச் சொல்லாத ஒன்றைக் கதவு சொல்லிவிட்டிருந்தது. விசிறிகள் காற்றை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தள்ளிய அளவுக்கு உள்ளே வர வேண்டும் அல்லவா? அது வருவதற்கு முறையான வழியில்லை. அறை மூச்சுத் திணறிக்கொண்டு, கிடைத்த இடுக்கு வழியெல்லாம் இழுக்கிறது. கதவுச் சந்து, ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள பிளவு, ஆணி கழன்ற தகரம், எல்லாமே லயத்துப் பக்கம். குளிர்ந்த விடியலில் அடுப்புப் புகை மேலே ஏறாது, போர்வை போலத் தரையில் படுத்துக்கிடக்கும். அந்தப் போர்வையின் நுனியை இந்த அறை பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. துரை கேட்ட பெரிய விசிறியைப் போட்டால் இன்னும் பலமாக இழுக்கும். புகை கூடும்.

விசிறி போட்டவர்கள் காற்று உள்ளே வர வழியே வைக்காமலா போயிருப்பார்கள்? எதிர்ச் சுவரில், பள்ளத்தாக்கைப் பார்த்த பக்கத்தில் தேடினேன். சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. விரலால் தட்டியபோது ஓரிடத்தில் மரச் சத்தம் கேட்டது. தேயிலைப் பெட்டி செய்யும் பலகைகளை வரிசையாக அடித்து, மேலே வெள்ளையும் பூசியிருந்தார்கள். காற்று வருவதற்கென்று வைத்த சாய்சட்ட ஜன்னல்கள் அத்தனையும் அதற்குப் பின்னால் இருந்தன.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். டீமேக்கர். தேயிலை தயாரிப்பு முழுவதற்கும் பொறுப்பான உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்தவர். ஊரில் அவருடைய வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை என்று ஜீப் ஓட்டிவந்தவர் வழியிலேயே சொல்லியிருந்தார். மனைவியும் மகள்களும் இந்தத் தோட்டத்துக் குவாட்டர்ஸில் இருந்தார்கள்.

"பனி வருதல்லோ தம்பி," என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பின்னேரம் பள்ளத்தாலை ஏறி நேரா இதுக்குள்ளதான் வரும். சலிச்ச தேயிலை ஈரம் குடிச்சால் சரக்கு இளகிப்போகும். கொழும்பில என்ர தலையைத்தான் கேப்பினம். அதான் அடிச்சனான்."

புகையையும் பலகையையும் அவர் ஒருபோதும் சேர்த்து நினைத்திருக்கவில்லை. அதை அவருடைய முகத்திலேயே பார்த்தேன். புகை எங்கிருந்து வருகிறது என்று துரை கேட்டிருக்கிறார். இவர் பின்பக்கக் கதவைத் திறந்து லயத்தைக் காட்டியிருக்கிறார். அதில் பொய் எதுவும் இல்லை. நான் விளங்கப்படுத்திய பிறகு அவர் அங்கிருந்த மூட்டையொன்றில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப பலகையைப் பற்றித் துரையிட்டைச் சொல்லப்போறீரோ?"

சொல்லாமல் காற்றைப் பற்றிச் சொல்ல முடியாது என்றேன். தலையை ஆட்டினார். அது நியாயம்தான் என்றும் சொன்னார். அவருடைய கை மட்டும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

உங்களுக்கு இப்படி ஒரு மத்தியானம் வரும். தவறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்ட பெருமிதத்தில் உடனே போய்ச் சொல்லிவிடத் தோன்றும். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பலகைகளைப் பிடுங்கியிருப்பார்கள். புகை நின்றிருக்கும். அடுத்த மாதம் பனி ஏறித் தேயிலை ஈரம் பிடித்திருக்கும். டீமேக்கர் போயிருப்பார், அவருக்குப் பிறகு வருகிறவரும் அதே இடத்தில் பலகை அடித்திருப்பார். கணக்குப் போட்டவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் பனியை ஒரு மாலையும் நின்று பார்க்காதவர்கள். ஜன்னலின் அளவு சரி, திசைதான் தப்பு. எனக்குத் தேவைப்பட்டது பனியும் இல்லாத, புகையும் இல்லாத காற்று. தொழிற்சாலையைச் சுற்றி நடந்தேன். மலையில் அப்படி ஒரு காற்று எங்கே கிடைக்கும்?

பக்கத்து அறையில் கிடைத்தது. தேயிலையை வெப்பத்தில் உலர்த்தும் அறை. அதன் நெருப்பறை சுவருக்கு வெளியே இருந்தது, உள்ளே புகை கிடையாது. கூரையோரமாக நிற்கும் காற்று வெதுவெதுப்பாக, காய்ந்து கிடந்தது. இரண்டு அறைகளுக்கும் நடுச்சுவரில், உயரத்தில், எந்தக் காலத்திலோ வைத்துப் பிறகு மறந்துபோன ஓர் இழுப்புக் கதவும் இருந்தது. அதைத் திறந்தால் போதுமா என்று தாளில் பார்த்தேன். போதும் போலத்தான் இருந்தது. "போல" என்ற சொல்லை வைத்து ஒரு துரையின் முடிவை மாற்ற முடியாது. கண்ணால் காட்ட வேண்டும், அதுவும் இருட்டுவதற்குள்.

மறுபடியும் லயத்துக்குப் போய் ஓர் உதவி கேட்டேன். துரை வரும்போது எல்லா அடுப்பையும் ஒரே நேரத்தில் பற்றவைக்க வேண்டும். காய்ந்த விறகு வேண்டாம். கவ்வாத்தில், அதாவது செடியைக் கத்தரிக்கையில், வெட்டிப்போட்ட பச்சைத் தேயிலைக் குச்சிகளான மிலாறு வைத்து, முடிந்த அளவு புகைய விட வேண்டும்.

ராக்கம்மா இடுப்பில் கைவைத்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பச்ச மிலாற வச்சு ஊதச் சொல்றீங்க. தொர வந்து நிப்பாரு. இந்தா பாருங்க, இவ வீட்டுலேருந்துதான் வருதுன்னு எங்களையே கைகாட்டப் போறீங்க. அதானேங்க?"

"காட்டத்தான் போறேன். புகை உங்க வீட்டுலேருந்துதான் வருது. எது இழுத்து வருதுன்னும் சேத்துக் காட்டப் போறேன்."

வரிசையாக நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொய்யாக ஒரு ஆறுதல் சொல்லியிருந்தால் அந்தக் கணத்திலேயே அவர்கள் உள்ளே போயிருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புஷ்பா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"வச்சுத்தான் பாப்போமே அத்தை. எப்படியும் நாளைக்கு அணைக்கத்தானே சொல்லப் போறாங்க. இன்னைக்காச்சும் நல்லா எரியட்டும்."

மாலையில் துரை வந்தார். சலிப்பு இயந்திரங்களை நிறுத்தி, தேயிலையைத் தார்ப்பாயால் மூடியிருந்தோம். விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. வெளியே பச்சை மிலாறு புகைந்து, லயமே மேகத்துக்குள் உட்கார்ந்திருந்தது. நான் பையிலிருந்து ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தினேன். பூசை போடப் போகிறாயா என்று துரை சிங்களத்தில் கேட்டார். ஆமாம், இந்தக் கதவுக்கு என்றேன். கதவுச் சந்தில் பிடித்தபோது ஊதுபத்திப் புகை வளைந்து, கயிறு கட்டி இழுத்த மாதிரி உள்ளே ஓடியது. அதன் பின்னாலேயே மிலாற்றுப் புகையும் வந்தது. துரை கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். இதைத்தானே நானும் சொன்னேன் என்றார். லயத்திலிருந்து வந்து கதவோரத்தில் நின்ற ராக்கம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

டீமேக்கர் ஏணியில் ஏறி நடுச்சுவரின் இழுப்புக் கதவைத் திறந்தார். துருப்பிடித்து அலறிக்கொண்டு திறந்தது. ஊதுபத்தியின் புகை தடுமாறியது, நிமிர்ந்தது, பிறகு உள்ளே ஓடாமல் நேராக மேலே ஏறியது. ஆனால் அறைக்குள் புகை நாற்றம் அப்படியே இருந்தது. துரை சிறிது நேரம் பொறுத்தார். மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். நாற்றம் போகவில்லையே, உன் ஊதுபத்தியை வைத்துக்கொண்டு நான் கொழும்புக்கு என்ன சொல்வது என்று வாசலை நோக்கித் திரும்பினார்.

அட்டவணையில் நீங்கள் பார்க்கும் அந்த எண் எதற்கு உதவும் என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். எத்தனை நேரம் பொறுக்க வேண்டும் என்பதையும் அதுதான் சொல்கிறது. அறைக் காற்று ஒரு தடவை மாறுவதற்குள் அதன் பழைய புகை முழுவதும் போய்விடாது. புதியது உள்ளே வந்து பழையதோடு கலந்து, கலந்ததில் ஒரு பங்குதான் வெளியேறும். மூன்று தடவையாவது மாற வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்த அறையை நான் அளந்திருந்தேன். துரையின் முன்னால் போய் நின்று, இன்னும் கொஞ்ச நேரம் இருங்கள், நீங்கள் இப்போது போனால் பழைய காற்றை வைத்து முடிவெடுத்தவராவீர்கள் என்றேன். சின்ன உத்தியோகத்தன் ஒரு துரையின் வழியை மறிப்பது அங்கே வழக்கமில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இருந்தார். விசிறிகள் ஓடின. லயத்தில் அடுப்புகள் இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தன. பெண்கள் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் கைக்குட்டையை எடுத்தவர் துரைதான். ஆழமாக ஒரு தடவை மூச்சை இழுத்தார். தேயிலை மணத்தது, வேறு எதுவும் இல்லை. தார்ப்பாயின் நுனியைத் தூக்கி ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்தார். பிறகு எதிர்ச் சுவரைக் காட்டி, காற்று வர வேண்டிய வழி முதலில் எங்கே இருந்தது என்று கேட்டார். காட்டினேன். விரல் மடக்கித் தட்டினார். பலகைச் சத்தம் கேட்டதும் முகம் மாறியது. பனிக்காக அடைத்தது, ஜன்னலை அந்தத் திசையில் வைத்ததுதான் பிழை, பலகைகள் அப்படியே இருக்கட்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டார்.

"யார் இது அடிச்சது?"

டீமேக்கர் ஏணியிலிருந்து பாதி இறங்கிய நிலையில் நின்றுவிட்டார். அவருடைய வாய் திறந்ததைப் பார்த்தேன். ராக்கம்மாவுக்குத் தெரியும். பலகை அடித்த நாளில் சுண்ணாம்பு கரைக்க ஆள் போனது அந்த லயத்திலிருந்துதான். அவருடைய அடுப்பைத் துரைக்குக் காட்டிக்கொடுத்தவரும் இதோ ஏணியில் நிற்கிறார். ஒரு சொல் போதும்.

ராக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகையால்தான்.

"அது கெடக்கட்டும் தொர. எங்க அடுப்ப அணைக்கணுமா, வேணாங்களா? அதச் சொல்லுங்க. எம் மருமவ அங்க ஊதிக்கிட்டே கெடக்குறா."

துரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏணியைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு என்னிடம் திரும்பி, அந்த இழுப்புக் கதவை நிரந்தரமாக்க, அதில் வடிகட்டும் துணி போட என்னென்ன வேண்டும் என்று சிங்களத்தில் கேட்டபடியே வெளியே நடந்தார். ராக்கம்மாவைக் கடந்து போகும்போது தலையை மட்டும் அசைத்தார். அது சரி என்பதா, பார்க்கலாம் என்பதா, யாருக்கும் விளங்கவில்லை.

காற்று எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிடும்போது, எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். வரும் வழியில் யாருடைய அடுப்பு எரிகிறது, யாருடைய வேலை நிற்கிறது, யார் எதற்குப் பயந்து எதை அடைத்தார்கள் என்பதெல்லாம் உங்கள் வேலைக்குள் அடங்கும். யாரும் உங்களிடம் அதைக் கேட்க மாட்டார்கள்.

இரவு குவாட்டர்ஸில் தங்கி, மறுநாள் ரயிலுக்குப் போகும் வழியில் பெரட்டுக் களத்தில் நின்றேன். கூடையும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்குமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வெளிக்கள உத்தியோகத்தர், அவர்கள் கண்டாக்கு ஐயா என்று கூப்பிடுபவர், எந்தக் கூட்டம் எந்த மலைக்கு என்று பெயர் பெயராகப் பிரித்துச் சொன்னார். கவ்வாத்து எங்கே, புல்வெட்டு எங்கே, எல்லாம் சொன்னார், அடுப்பைத் தவிர. சொல்லி முடித்துவிட்டு நின்றார். ஆட்களும் நின்றார்கள். அந்த லயத்துப் பெண்கள் அவருடைய வாயையே பார்த்திருந்தார்கள்.

"அவ்வளவுதான். போங்க," என்றார் கண்டாக்கு.

அப்போதும் யாரும் நகரவில்லை. வரிசையின் நடுவிலிருந்து ராக்கம்மா கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னடி நிக்கிறீங்க? கொழுந்து தானா வந்து கூடையில விழுமா?"